கண்ணகி கோட்டத்துக்கு இரு வழிகள்



சித்திரைப் பூரணை எமக்கு அம்மாவின் நாள். தந்தையை இழந்தோர் ஆடி அமாவாசையில் விரதமிருப்பதுபோல், தாயை இழந்தோர் சித்திரைப் பூரணையில் விரதமிருப்பது ஈழத்துச் சைவ மக்களின் நெடுநாள் வழக்கம். ரொறன்ரோவில் அந்நாள் வரும்போது மரங்கள் அப்போதுதான் துளிர்விடத் தொடங்கியிருக்கும். வேலை முடிந்து வந்து, கைகால் கழுவி, கோயிலில் தாயாரின் பெயரும் நட்சத்திரமும் சொல்லி அருச்சனை செய்வித்துத் திரும்புவோர் எம்மிடையே அநேகர்.

அதே நாளில், தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் நடுவேயுள்ள ஒரு மலையுச்சியில், ஆண்டில் ஒரேயொரு நாள் மாத்திரம் அடியார்களுக்குத் திறக்கப்படும் கோயில் ஒன்று உண்டு. மங்கலதேவி கண்ணகி கோட்டம் என்பது அதன் பெயர். என் தாயார் முல்லைத்தீவுப் பகுதியிற் பிறந்தவர். வற்றாப்பளைக் கண்ணகை அம்மனின் வைகாசிப் பொங்கலைத் தவிர வேறொரு திருவிழாவை அவர் பெரிதாக மதித்ததில்லை. போர் அவரை ஊரைவிட்டு எழுப்பியது. ஸ்காபரோவில் ஒரு மாடிக் குடியிருப்பில், அந்தப் பொங்கலை மறுமுறை காணாமலே அவர் கண்மூடினார். எனவே 2023ஆம் ஆண்டு, மே மாதம் 5ஆந் திகதி வந்த சித்திரைப் பூரணையை அந்த மலையில் கழிப்பதென்று தீர்மானித்தேன்.

போய்வந்த கதையை மாத்திரம் எழுதினால் அது என் சொந்த விடயமாகிவிடும். அந்த மலைக்கு இரண்டு வழிகள் உள்ளன. அவ்விரண்டின் வரலாறும் எம் எல்லோருக்கும் உரியது என்பதனாலேயே இதனை எழுதத் துணிந்தேன்.

சிலப்பதிகாரம் காட்டும் வழிகள்

மதுரையை எரியூட்டிய பின் கண்ணகி என்ன ஆனாள் என்பதைச் சிலப்பதிகாரம் தெளிவாகவே கூறுகின்றது. அவள் மேற்கு வாயிலால் நகரை நீங்கி, வையை ஆற்றின் கரையைப் பற்றிக்கொண்டு மேல்நோக்கி நடந்தாள். பதினான்காம் நாள் நெடுவேள் குன்றம் என்னும் மலைமேல் ஏறி, ஒரு வேங்கை மரத்தின் கீழ் நின்றாள். அங்கே கோவலன் வானவரோடு வந்து அவளை அழைத்துச் சென்றதைக் கண்டவர்கள் மலைவாழ் குறவர்கள். அவளைத் தெய்வமென்று முதன்முதலாகக் கொண்டாடியவர்களும் அவர்களே. புலவர்களும் அரசர்களும் பின்னரே வந்தனர்.

மலையின் மறுபுறமிருந்து வந்தவன் சேரன் செங்குட்டுவன். மலைவளம் காணத் தன் தேவியோடு புறப்பட்ட அவன், பேரியாற்றங்கரை மணலிலே தங்கியிருந்தான். யானைத் தந்தம், அகில், சந்தனம் முதலான மலைப் பொருள்களைக் காணிக்கையாகக் கொண்டுவந்த குறவர்கள், தாம் கண்ட அதிசயத்தை அவனிடம் கூறினர். உடனிருந்த சாத்தனார் கண்ணகியின் வரலாற்றை விளக்கினார். கணவனோடு உயிர்நீத்த பாண்டிமாதேவி, நீதி கேட்டு இம்மலைக்கு வந்த கண்ணகி ஆகிய இருவருள் வியக்கத் தக்கவர் யாரென்று அரசன் தன் தேவியைக் கேட்டான். பாண்டியன் தேவி வானுலகிற் சிறப்புப் பெறட்டும். எமது நாட்டை நாடி வந்த இந்தப் பத்தினியை நாம் வழிபட வேண்டும் என்ற கருத்தில் அவள் பதிலளித்தாள்.

இவ்விடத்தை நான் இளமையிற் பலமுறை படித்திருந்தும், கனடாவுக்கு வந்த பின்னரே அதன் பொருள் முழுவதும் விளங்கியது. கண்ணகி சேரநாட்டுப் பெண்ணல்லள். புகாரிற் பிறந்து, மதுரையில் எல்லாவற்றையும் இழந்து, அந்நிய மலையொன்றில் வந்து நின்றவள். வந்தவளை ஏற்றுக்கொள்ள வேண்டுமென்று ஒரு பெண் சொன்ன சொல்லே கோயிலுக்கு அத்திவாரமாயிற்று. இமயத்திலிருந்து கல் எடுத்ததும், அதைக் கங்கையில் நீராட்டியதும், கனகன் விசயன் தலைமேல் ஏற்றி வந்ததும் அதன் பின்னர் நடந்தவை.

பள்ளிக்கூடங்களில் கனக விசயரின் கதைக்குக் கொடுக்கப்படும் இடம், வாழ்த்துக் காதையின் முகப்பில் வரும் ஒரு சிறு செய்திக்குக் கொடுக்கப்படுவதில்லை. கண்ணகிக்கு நேர்ந்ததைக் கேள்வியுற்று, அவளை வளர்த்த காவற்பெண்டும், அடித்தோழியும், பார்ப்பனத் தோழியாகிய தேவந்தியும் புகாரிலிருந்து மதுரைக்கு வந்தார்கள். அங்கே அடைக்கலம் கொடுத்த மாதரி இறந்துபோனதை அறிந்து, அவள் மகள் ஐயையையும் அழைத்துக்கொண்டு, வையைக் கரை வழியே நடந்து, பெரிய மலையின் மேலேறி, கோயிலுக்குட் புகுந்து, விழா நடத்திக்கொண்டிருந்த செங்குட்டுவன் முன்னே நின்று தாம் யார் என்று கூறினார்கள். பின்னர் அந்தத் தேவந்தியையே நாள்தோறும் பூசை செய்யும்படி அரசன் பணித்தான் என்கிறது காப்பியம்.

ஆகவே இந்தக் கோயிலுக்குப் போன முதல் யாத்திரிகர்கள் நான்கு பெண்கள். அவர்கள் கிழக்கேயிருந்து, வையைக் கரையால், கால்நடையாக வந்தனர். அரசன் மேற்கேயிருந்து, பேரியாற்றுப் பக்கமாகப் பரிவாரத்தோடு வந்தான். கோயிலுக்கு இரு வழிகள் என்று தலைப்பிட்டது இதனாலேயே.

மலை கண்டறியப்பட்ட விதம்

டாக்டர் உ. வே. சாமிநாதையர் சிலப்பதிகாரத்தைப் பதிப்பித்து வெளியிட்டது 1892ஆம் ஆண்டில். அதன் பின்னரே செங்குட்டுவன் எடுத்த கோயில் எது என்ற ஆராய்ச்சி வலுப்பெற்றது. கொடுங்கல்லூர்ப் பகவதி கோயிலே அது என்று கருதுவோர் பலர். வஞ்சி மாநகர் கொடுங்கல்லூரா கரூரா என்பதிலேயே அறிஞர்கள் ஒருமுகப்படவில்லை.

தஞ்சைக் கரந்தையைச் சேர்ந்த தமிழறிஞர் சி. கோவிந்தராசனார் வேறொரு முறையைக் கைக்கொண்டார். ஏட்டில் உள்ளதை ஏட்டோடு ஒப்பிடுவதை விட்டு, கண்ணகி நடந்த வழியிலே தாமும் நடந்து பார்த்தார். புகாரிலிருந்து மதுரைக்கும், மதுரையிலிருந்து வையையை ஒட்டி மேற்கேயும் சென்றார். வையையோடு கலக்கும் சுருளியாறு பாயும் கம்பம் பள்ளத்தாக்கின் மேல்முனையில், கூடலூருக்கு மேலேயுள்ள காட்டில், மங்கலதேவி கோயில் என்று மலைமக்கள் வழங்கிவந்த சிதைந்த கற்கோயிலை 1963ஆம் ஆண்டில் அடைந்து, இதுவே கண்ணகி கோட்டம் என்று அறிவித்தார்.

அவர் கூறியது முடிந்த முடிபா? இல்லை. இப்போது நிற்கும் கட்டடம் செங்குட்டுவன் காலத்தது அன்று. பிற்காலப் பாண்டியர் பாணியிலமைந்தது என்பர். ஆனால் ஒன்று கவனிக்கத் தக்கது. வையைக் கரையால் நடந்து வருபவர் ஏறக்கூடிய மலை எது, அதே மலையின் மறுசரிவில் பேரியாறு உடைய மலை எது என்று கேட்டால், கடலோரக் கொடுங்கல்லூர் அதற்கு விடையாகாது. இந்த மலைத்தொடர் விடையாகும். கிழக்கே வையைக்குப் போகும் நீர், மேற்கே பெரியாற்றுக்குப் போகும் நீர், இரண்டையும் பிரிக்கும் முகட்டில் இந்தக் கோயில் நிற்கிறது.

நீர் பிரியும் இடம் நாடு பிரியும் இடமாகவும் ஆயிற்று. பெரியாற்று நீரை மதுரைச் சீமைக்குத் திருப்புவதற்காக 1886ஆம் ஆண்டு திருவிதாங்கூர் மன்னருக்கும் பிரித்தானிய ஆட்சிக்கும் இடையே 999 ஆண்டுக் குத்தகை ஒப்பந்தம் ஏற்பட்டது. கேணல் பென்னிகுவிக் கட்டிய முல்லைப் பெரியாறு அணை 1895இல் திறக்கப்பட்டது. 1956ஆம் ஆண்டு மொழிவாரி மாநிலங்கள் அமைந்தபோது பீர்மேடும் குமுளியும் கேரளத்தோடு நின்றன. கூடலூரும் கம்பமும் தமிழ்நாட்டோடு நின்றன. கோயில் எந்தப் பக்கத்துக்கு உரியது என்பதில் இரு மாநிலங்களும் உடன்படவில்லை. பழைய அளவைப் படங்களைக் காட்டித் தமிழ்நாடு உரிமை கோருகிறது, கேரளமும் விட்டுக்கொடுக்கவில்லை. சுற்றியுள்ள காடு 1950இல் வனவிலங்குச் சரணாலயமாகவும், 1978இல் புலிகள் காப்பகமாகவும் ஆக்கப்பட்டதால், வனத்துறையின் அனுமதியின்றி எவரும் கால்வைக்க முடியாது.

முன்னொரு காலத்தில் பல நாள் நடந்த விழா இது என்று அவ்வூர்ப் பெரியோர் கூறுவர். இன்று இரு மாநில அதிகாரிகளும், இடுக்கி, தேனி மாவட்ட ஆட்சியர்களும் கூடிப்பேசி அனுமதிப்பது ஒரேயொரு பகற்பொழுதை. நாள்தோறும் பூசை செய்யென்று தேவந்தியைப் பணித்த கோயிலின் இன்றைய நிலை அது.

அரசன் வந்த வழி

கேரளப் பக்கத்துக் குமுளியிலிருந்து கோயிலுக்கு ஏறக்குறைய பதினான்கு கிலோமீற்றர். காட்டினூடே ஒரு ஜீப் தடம் செல்கின்றது. தார் இல்லை, கல் பரப்பப்படவில்லை, பெரும்பகுதியில் இரண்டு சில்லுத் தடங்களும் நடுவே புல்லுமே. தமிழ்நாட்டுப் பக்கத்தில், கூடலூரை அடுத்த பளியன்குடி என்னும் மலைமக்கள் குடியிருப்பிலிருந்து ஆறரைக் கிலோமீற்றருக்குச் சற்று மேற்பட்ட செங்குத்தான ஒற்றையடிப் பாதை. அதில் நடக்கத்தான் முடியும்.

என் முழங்கால்கள் சத்திரசிகிச்சைக்குக் காத்திருப்பவை. ஆகையால் நான் ஜீப்பிலும், மதுரையிலிருக்கும் என் மனைவியின் தம்பி கால்நடையாகவும் ஏறுவதென்று பேசிக்கொண்டோம்.

அதிகாலை ஐந்து மணிக்கே குமுளியில் ஜீப்புகள் வரிசையாக நின்றன. சாதாரண மோட்டார் வண்டிக்கு இந்தத் தடத்தில் இடமில்லை. நான்கு சில்லும் இழுக்கும் ஜீப்புக்கு மாத்திரமே அனுமதி. அதுவும் போக்குவரத்து அதிகாரிகள் பரிசோதித்துச் சீட்டு ஒட்டிய பின்னரே. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படைக்காகச் செய்யப்பட்ட வண்டி இது. 1940களின் இறுதியில் மகிந்திரா நிறுவனத்தார் பம்பாயில் இதைப் பொருத்தி விற்கத் தொடங்கினர். இடுக்கி மலையின் ஏலத் தோட்டங்களுக்கும் தேயிலைத் தோட்டங்களுக்கும் அது மிகப் பொருத்தமாய் அமைந்துவிட்டது. இன்றும் அம்மாவட்டத்தில் கல்யாணத்துக்கும் ஜீப்தான், ஆஸ்பத்திரிக்கும் ஜீப்தான்.

எட்டுப் பேர் நெருக்கியடித்து ஏறினோம். எனக்கு எதிரே கம்பத்திலிருந்து வந்த ஒரு மூதாட்டி, மடியில் ஒரு பூக்கூடையுடன் அமர்ந்திருந்தார். சோதனைச் சாவடியில் பிளாஸ்டிக் போத்தல்களை வாங்கி வைத்துவிட்டார்கள். அதன் பின் காடு. உயர்ந்த மரங்களின் நிழலில் தடம் ஈரமாகவே இருந்தது. யானை ஒடித்துப் போட்ட மூங்கில்களைச் சாரதி காட்டினார்.

காடு முடிந்து புல்மலை தொடங்கும் இடத்திலேதான் உண்மையான ஏற்றம். வழக்கமான கியர்த் தடிக்குப் பக்கத்தில் இன்னுமொரு குட்டைத் தடி இருந்தது. அதைச் சாரதி இழுத்துவிட்டார். இயந்திரத்தின் வலு பின்சில்லுகளுக்கு மாத்திரமன்றி முன்சில்லுகளுக்கும் போகும் என்றும், தாழ்ந்த கியரில் வேகம் குறைந்து இழுவை கூடும் என்றும் விளக்கினார். மனிதன் நடக்கும் வேகத்திலேயே வண்டி ஏறியது. ஒரு பக்கத்தில் மலைச் சுவர், மறுபக்கத்தில் கண்ணுக்கு எட்டியவரை பள்ளம். சிவந்த புழுதி எல்லோர் தலையையும் ஒரே நிறமாக்கியது.

ஒரு வளைவில் முன்னே சென்ற ஜீப் நின்றுவிட, எங்களுடையதும் நிற்க வேண்டியதாயிற்று. மீண்டும் எடுக்கும்போது பின்சில்லு ஒன்று பள்ளத்தில் விழுந்து சுழன்றது. எல்லோரும் இறங்கினோம். இளைஞர்கள் கல் தேடி வைத்தார்கள். மூதாட்டியை ஒரு பாறையில் இருத்திவிட்டு, சிரமமாயிருக்கிறதா என்று கேட்டேன்.

“சிரமம் என்ன தம்பி? சின்னப் பிள்ளையில எங்க ஆத்தா கூட நடந்தே ஏறுனேன். இப்ப முட்டி கேக்க மாட்டேங்குது. இந்த ஜீப்பு மட்டும் இல்லேன்னா, கீழ இருந்தே கும்பிட்டுக்கிட வேண்டியதுதான்” என்றார்.

மலைத் தலங்களுக்கு வாகனம் போவது முறையா என்று எமது சங்கக் கூட்டங்களிலும் சிலர் கேட்பதுண்டு. அந்த மூதாட்டியின் பதிலுக்கு மேல் நான் சொல்வதற்கில்லை. நடக்க இயலாதவருக்கு வழி திறந்து விடுவதும் தருமமே. அதே வேளையில், ஜீப் தடத்தை அகலமாக்கித் தார் போட்டால் என்னவாகும் என்பதையும் நினைத்துப் பார்த்தேன். ஒரு நாட்கூட்டம் ஆண்டு முழுவதும் ஆகும். யானைக்கும் புலிக்கும் உரிய காடு கடைத்தெருவாகும். கரடுமுரடான அந்தத் தடம் ஒரு வகையில் காட்டுக்கும் காவல், கோயிலுக்கும் காவல்.

உச்சியில்

ஏறத்தாழ 1300 மீற்றர் உயரத்தில், புல்வெளியின் விளிம்பிலே கோயில் இருக்கின்றது. கோபுரமில்லை. சுண்ணச்சாந்து இன்றி அடுக்கப்பட்ட கருங்கற் சுவர்கள், சரிந்த மதில், சிறிய கருவறைகள், தேய்ந்த கல்வெட்டுகள், கற்களின் இடுக்கில் முளைத்த செடிகள். மதிலோரத்தில் நின்று கிழக்கே பார்த்தால் கம்பம் பள்ளத்தாக்கு முழுவதும் பச்சைப் பாய் விரித்ததுபோலத் தெரிகின்றது.

ஒரு சந்நிதியில் கேரள முறைப்படி தந்திரிமார் பகவதிக்குப் பூசை செய்தனர். மற்றொன்றில் தமிழ்நாட்டு அடியார்கள் கண்ணகிக்குப் பட்டுடுத்திப் பூச்சூட்டி வழிபட்டனர். ஒருபுறம் மலையாளம், மறுபுறம் தமிழ். எல்லை பற்றி அரசாங்கங்கள் வழக்காடட்டும். வரிசையில் நின்ற பெண்கள் இரு சந்நிதியையும் வணங்கிவிட்டே போனார்கள். பிரசாதமாக மஞ்சட் கயிறும் வளையலும் கிடைத்தன. நான் தாயாரின் பெயரையும் நட்சத்திரத்தையும் சொன்னேன். பூசகர் என்னை ஏறிட்டுப் பார்த்து, “எந்த ஊரிலிருந்து வருகிறீர்கள்?” என்று கேட்டார். கனடா என்று சொல்லவே வாயெடுத்தேன். வற்றாப்பளை என்று வந்துவிட்டது.

பத்து மணியளவில் மைத்துனர் வியர்த்து விறுவிறுத்து வந்து சேர்ந்தார். “அத்தான், நீங்கள் செங்குட்டுவன் மாதிரி வந்திருக்கிறீர்கள். நான் தேவந்தி வந்த வழியில் வந்திருக்கிறேன். எனக்கு முன்னாலும் பின்னாலும் ஏறியவர்களிற் பாதிக்கு மேல் பெண்கள்தான்” என்றார். பளியன்குடிப் பாதையில் அவருக்கு வழிகாட்டிப் போனவர்கள் கைப்பிள்ளையோடு வந்த மலையடிவாரத்துக் கிராமத்துப் பெண்கள். செருப்பில்லாமல் ஏறினார்களாம்.

மாலை ஐந்தரைக்குள் மலை வெறுமையாகிவிட வேண்டுமென்பது கட்டளை. இறங்குவது ஏறுவதிலும் கடினம். பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் அது சூடேறிப் பிடிக்காமற் போகும் என்பதால், தாழ்ந்த கியரிலேயே விட்டு, இயந்திரமே வண்டியைத் தாங்கிப் பிடிக்கும்படி சாரதி இறக்கினார். திரும்பிப் பார்த்தபோது காவலர்கள் கடைசி அடியார்களை வெளியே அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அடுத்த சித்திரைப் பூரணைக்கு முந்நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட நாள்கள் இருந்தன.

ஈழத்துக்கு வந்த வழி

செங்குட்டுவனின் விழாவுக்கு வந்த அரசர்களுள் இலங்கை மன்னன் கயவாகுவும் ஒருவன் என்று சிலப்பதிகாரம் கூறுகின்றது. தன் நாட்டுக்கும் எழுந்தருள வேண்டுமென்று அவன் வேண்டினான் என்பதும், திரும்பிச் சென்று கோயிலெடுத்து ஆடி மாதத்தில் விழாக் கொண்டாடினான் என்பதும் அதிற் காணப்படுவன. மகாவம்சம் கூறும் கி.பி. இரண்டாம் நூற்றாண்டுக் கஜபாகுவே இவன் எனக் கொண்டு, சங்க காலத்தை வரையறுக்கவும் அறிஞர்கள் முயன்றனர். பத்தினி வழிபாட்டைக் கஜபாகுவோடு இணைத்துச் சொல்லும் சிங்கள நூல் இராசாவலிய. கண்டிப் பெரகராவில் பத்தினி தேவாலயத்தின் ஊர்வலம் இன்றும் இடம்பெறுகின்றது.

எம்மவர் மரபு வேறொன்று. மதுரையை எரித்த பின் அம்மன் ஈழத்துக்கு வந்து ஊர் ஊராகத் தங்கி, பத்தாவதாகத் தங்கிய இடம் பத்தாம்பளை; அதுவே வற்றாப்பளை ஆயிற்று என்பர். கடல்நீரில் விளக்கெரியும் அற்புதத்தை அங்கே கண்டோர் எம் சங்கத்திலும் உளர். மட்டக்களப்பில் வைகாசி மாதம் கண்ணகி வழக்குரை படித்து, குளிர்த்தி பாடி, அம்மனின் கோபத்தைத் தணிப்பார்கள். யாழ்ப்பாணத்திலே ஆறுமுக நாவலர் இவ்வழிபாட்டைச் சைவத்துக்குப் புறம்பானதென்று கண்டித்ததன் பின்னர், கண்ணகி கோயில்கள் சில வேறு அம்பிகையின் பெயர் தாங்கின. பெயர் மாறியும் அடியார்கள் போகும் வழி மாறவில்லை. வைகாசிப் பொங்கலும் மாறவில்லை.

ரொறன்ரோவின் ஒரு பாதை

இத்தனை தூரத்துக் கதை எமக்கு எதற்கு என்று இளையோர் கேட்கலாம். அவர்களுக்கு இந்நகரத்துப் பாதை ஒன்றைக் காட்டுகிறேன்.

ஹம்பர் ஆறு ஒன்ராறியோ ஏரியிற் கலக்கும் இடத்திலிருந்து வடக்கே சிம்கோ ஏரிப் பக்கமாக ஒரு பழம்பாதை சென்றது. ரொறன்ரோ கரியிங் பிளேஸ் என்பது அதன் பெயர். இந்நிலத்தின் ஆதிக்குடிகள் நூற்றாண்டுகளாகத் தம் ஓடங்களையும் பொருள்களையும் தலையிலும் முதுகிலும் சுமந்து நடந்த வழி அது. 1793இல் ஆளுநர் சிம்கோ அந்த வழியே வடக்கே சென்று பார்த்தார். பின்னர் அதற்குப் பதிலாக நேர்கோடாய் ஒரு வீதி வெட்டுவித்தார். 1796இல் வடக்கே எட்டிய அந்த யங் வீதியைப் பிடித்துத்தான் எம்மிற் பலர் றிச்மண்ட் ஹில் பிள்ளையார் கோயிலுக்குப் போகின்றோம். பழைய பாதையின் பெரும்பகுதி இன்று வீடுகளுக்கும் வீதிகளுக்கும் கீழே. ஆங்காங்கே ஒரு நினைவுப் பலகை நிற்கின்றது. ஆதிக்குடி மக்கள் அழிந்துவிடவில்லை. ஆனால் அவர்கள் நடந்த தொடர்ச்சி அறுபட்டுவிட்டது.

பாதைக்கு உயிர் கொடுப்பது நடக்கும் கால்கள். கண்ணகி கோட்டம் செங்குட்டுவன் எடுத்ததா என்பதைக் கல்வெட்டறிஞர்கள் ஆராயட்டும். ஆனால் வையைப் பக்கமிருந்து பெண்கள் அந்த மலைக்கு ஏறுவார்கள் என்று காப்பியம் சொல்கிறது. இன்றும் பெண்கள் ஏறுகிறார்கள். 2020இலும் 2021இலும் கொள்ளை நோயால் விழா நின்றபோது அந்தப் பாதை என்னாகுமோ என்று பளியன்குடியிற் பலர் கலங்கினார்களாம். 2022இல் மீண்டும் ஏறினார்கள். ஆண்டுக்கு ஒரு நாளேனும் ஏறுவதால்தான் அந்த வழி இருக்கிறது. ஒரு தலைமுறை ஏறாவிட்டால், அங்கும் ஒரு பலகையே மிஞ்சும்.

எமது நிலையும் அதுவே. அம்மாவின் விரதம், வைகாசிப் பொங்கல், குளிர்த்திப் பாட்டு, இவையெல்லாம் நாம் சுமந்து வந்த பாதைகள். முதியோருக்கு ஜீப்பும் வேண்டும், இளையோருக்குக் காலும் வேண்டும். எங்கள் பிள்ளைகள் எந்த மொழியிற் கேட்டாலும் பொறுமையோடு விளக்கிச் சொல்லும் வாயும் வேண்டும்.

சித்திரை மாதத்தில் தமிழகம் செல்லும் அங்கத்தவர்களுக்கு ஒரு சொல். அவ்வாண்டு அறிவிப்பை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். இயலுமானவர் பளியன்குடியிலிருந்து நடவுங்கள். இயலாதவர் குமுளியிலிருந்து ஜீப் பிடியுங்கள். காட்டிலே எதையும் விட்டுவிட்டு வராதீர்கள்.

அங்கு பெற்ற மஞ்சட் கயிற்றை என் மகளிடம் கொடுத்தேன். யாருடைய கோயில் என்று கேட்டாள். அப்பம்மாவின் கோயில் என்றேன். எங்கே இருக்கிறது, எப்படிப் போவது என்று அடுத்த கேள்வி கேட்டாள். அந்தக் கேள்வி எமது வீடுகளில் என்றும் எழவேண்டும் என்று பிரார்த்தித்து அமைகின்றேன்.